இல்லத்து ரௌட்டரும் அதன் இரண்டாம் சாவியும்

சயான் பகுதியை மராத்திய மக்கள் ‘ஷீவ்’ என்று வழங்குவர். எல்லை என்பது அச்சொல்லின் பொருள். ஆங்கிலேயர் வசமிருந்த பம்பாய்த் தீவும் போர்த்துகீசியர் வசமிருந்த சாஷ்டித் தீவும் அடுத்தடுத்து நின்ற இடம் இது. அவ்வெல்லையைக் காப்பதற்கென்றே 1669ஆம் ஆண்டிற்கும் 1677ஆம் ஆண்டிற்கும் இடையில் இங்குள்ள சிறு குன்றின்மேல் ஆங்கிலேயர் ஒரு கோட்டை கட்டினர். இன்றும் அதன் சிதைந்த சுவர்களைக் காணலாம்.

இக்காலத்தில் எல்லைக் காவல் ஒவ்வோர் இல்லத்திற்கும் உரியதாகிவிட்டது. தொலைக்காட்சியின் அருகிலோ, கதவின் மேற்பலகையிலோ, இரண்டு மூன்று கொம்புகளுடன் விளக்குகளை மினுக்கிக்கொண்டிருக்கும் ரௌட்டர் என்னும் சிறு பெட்டியே அக்காவல். வெளியுலகின் இணையத்திற்கும் வீட்டினுள் இருக்கும் கைப்பேசி, கணிப்பொறி முதலியவற்றிற்கும் நடுவே நின்று, வருவதையும் போவதையும் வழிப்படுத்துவது இதுதான். கலைச்சொல் அகராதிகள் இதனைத் ‘திசைவி’ என்று கூறும். நல்ல சொல்தான், ஆனால் அச்சொல்லைச் சொல்லிக் கடையில் பெட்டியைக் கேட்டுப் பெற்றவர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆதலின் நாமும் ரௌட்டர் என்றே குறிப்பிடுவோம்.

இப்பெட்டிக்கு இரண்டு பூட்டுகள் உண்டு என்பதை முதலில் நேயர்கள் மனத்திற்கொள்ளுதல் வேண்டும். ஒன்று, வைஃபை கடவுச்சொல். விருந்தினர் வந்ததும் முதலில் கேட்பது இதைத்தான். மற்றொன்று நிர்வாகக் கடவுச்சொல். வைஃபை கடவுச்சொல்லையே மாற்றுவதற்கும், யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று காண்பதற்கும், இணைப்பையே நிறுத்துவதற்கும் உரிமை தருவது இந்த இரண்டாவது சாவி. பெரும்பாலான இல்லங்களில் இச்சாவி வீட்டுக்காரரிடம் இருப்பதில்லை. இணைப்புக் கொடுக்க வந்த கேபிள்காரரின் பையன் பத்து நிமிடத்தில் ஏதோ தட்டிவிட்டுப் போனான், அன்றோடு சரி. ஆலையிலிருந்து பெட்டி புறப்பட்டபோது இருந்த ‘அட்மின்’, ‘அட்மின்’ என்ற பெயரும் கடவுச்சொல்லுமே பல வீடுகளில் இன்றும் நிலவுகின்றன. அதாவது, பூட்டு இருக்கிறது. சாவியும் அதிலேயே தொங்குகிறது.

இதனால் என்ன கேடு என்று கேட்போர் உண்டு. நம் பகுதியில் நடந்தவற்றையே எடுத்துக்கொள்வோம். 2008ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்னதாகச் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அது புறப்பட்ட இடத்தைத் தேடிய காவல்துறை, நவி மும்பையின் சான்பாடாவில் ஒரு குடியிருப்பின் கதவைத் தட்டிற்று. ஆகஸ்ட் 23ஆம் நாள் வந்த அடுத்த மின்னஞ்சலின் தடம் மாட்டுங்காவிலுள்ள கால்சா கல்லூரிக்கு இட்டுச் சென்றது. செப்டம்பர் 13ஆம் நாள் தில்லியில் குண்டுகள் வெடித்தபோது வந்த மின்னஞ்சலோ செம்பூரிலுள்ள ஒரு தனியார் அலுவலகத்தின் இணைப்பிலிருந்து சென்றிருந்தது. மூன்றிடத்திலும் பிறருடைய வைஃபை இணைப்பில் குற்றவாளிகள் நுழைந்து தம் வேலையை முடித்துக்கொண்டு போயிருந்தனர். தடம் போய் நின்றதோ இணைப்புக்கு உரியவரின் வாசலில்.

அதன்பின் 2009ஆம் ஆண்டு ஜனவரியில், காவலற்ற வைஃபை இணைப்புகளைத் தெருத்தெருவாகத் தேடப்போவதாக மும்பைக் காவல்துறை அறிவித்தது. மறுமாதம் மத்திய தொலைத்தொடர்புத் துறையும் இணையச் சேவையாளர்களுக்கு இது பற்றிய அறிவுறுத்தல்களை விடுத்தது. பூட்டாத வைஃபை இன்று குறைந்துவிட்டது என்பது உண்மையே. ஆயின் முதற் பூட்டைப் போட்ட நம்மவர் இரண்டாவதைத் தொடவில்லை.

இனி, அந்த இரண்டாம் கதவை அடையும் வழியைப் பார்ப்போம்.

ரௌட்டருக்கென்று ஒரு முகவரி உண்டு. 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்பன மிகுதியாகக் காணப்படுபவை. ஜியோ ஃபைபர் பெட்டிகளில் 192.168.29.1 என்று இருக்கும். எல்லோர் வீட்டிலும் ஒரே எண்ணா என்று ஐயுறவேண்டா. ஒவ்வொரு சாலிலும் ‘5ஆம் எண் அறை’ என்று ஒன்று இருக்கிறதல்லவா? கடிதம் கொணர்பவருக்குச் சாலின் பெயரும் தெருவும் வேண்டும்; சாலுக்குள்ளேயே இருப்பவருக்கு 5ஆம் எண் என்றாலே போதும். அவ்வாறே, உள்வீட்டுப் புழக்கத்திற்கென்று சில எண் வரிசைகளை, 1996ஆம் ஆண்டு வெளியான ஆர்.எஃப்.சி. 1918 என்னும் ஆவணம் ஒதுக்கி வைத்திருக்கிறது. 192.168 எனத் தொடங்குவது அவற்றுள் ஒன்று. வெளியுலகில் இவ்வெண்களுக்குப் பொருள் இல்லை.

நம் பெட்டியின் எண் யாது என்பதை அதன் அடிப்பக்கத்தில் ஒட்டியுள்ள சீட்டிலேயே பெரும்பாலும் காணலாம். அங்கே அழிந்துபோயிருந்தால், கைப்பேசியின் வைஃபை அமைப்புகளில், இணைந்திருக்கும் வைஃபையின் பெயரைத் தொட்டு விவரங்களைப் பார்க்க, ‘கேட்வே’ அல்லது ‘ரௌட்டர்’ என்பதற்கு எதிரே அவ்வெண் நிற்கும். அதனைக் குரோம் முதலிய உலாவியின் மேற்புறத்து முகவரிக் கட்டத்தில் இட்டு அழுத்தினால், பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பக்கம் திறக்கும். ‘இப்பக்கம் பாதுகாப்பானதன்று’ என்று உலாவி எச்சரிக்கக்கூடும். வீட்டிற்குள் நிகழும் உரையாடல் மறையாக்கம் இன்றிச் செல்வதால் எழும் எச்சரிக்கை அது. முகவரி சரியாக இருப்பின் அஞ்சவேண்டியதில்லை. ஆனால் ஒன்று: அவ்வெண்ணைக் கூகுள் தேடலில் இட்டு, அங்கே தோன்றும் ‘உதவி எண்’ எதையும் அழைத்தல் கூடாது. உதவி என்ற பெயரில் பணம் பறிப்போர் அங்கே காத்திருக்கிறார்கள்.

பக்கம் திறந்தபின் கேட்கப்படும் பெயரும் கடவுச்சொல்லும் அதே அடிச்சீட்டில் இருக்கலாம். இல்லையேல் இணைப்புக் கொடுத்த நிறுவனத்தைக் கேட்டல் தகும். தயங்கத் தேவையில்லை, பெட்டி நாம் விலை கொடுத்து வாங்கியதாயின் சாவியும் நம்முடையதே. நிறுவனம் தந்த பெட்டியாயின், சில அமைப்புகளை அவர்கள் தம் கையிலேயே வைத்துக்கொள்வதுண்டு. அப்போதும் வீட்டுக்காரர் மாற்றத்தக்க பகுதிகள் என்று சில இருக்கும்.

சீட்டும் இல்லை, கேட்டவரும் சொல்லவில்லை, முன்பு யாரோ மாற்றிய கடவுச்சொல்லும் மறந்துபோயிற்று என்றால், ‘ரீசெட்’ ஒன்றே வழி. இங்கே இரண்டு செயல்களைப் பிரித்தறிதல் மிக இன்றியமையாதது. மின்சாரத்தை நிறுத்தி அரை நிமிடம் கழித்து மீண்டும் போடுவது ‘ரீஸ்டார்ட்’. உறங்கி எழுவது போன்றது, எதுவும் மறந்துபோகாது. ரீசெட் என்பதோ பெட்டியை ஆலையிலிருந்து வந்த நாளுக்கே கொண்டுபோய் விடுவது. நாம் இட்ட வைஃபை பெயர், கடவுச்சொற்கள், பிள்ளைகளுக்கென்று வகுத்த நேரக் கட்டுப்பாடு யாவும் அழிந்துபோகும். கைப்பேசியிலுள்ள படங்களுக்கோ, கட்டிய சந்தாவுக்கோ இதனால் குறைவில்லை.

அழிவனவற்றுள் ஒன்றே ஒன்றுதான் உண்மையில் இடர் விளைப்பது. கேபிள்காரர் தரும் இணைப்புகள் பலவற்றில், ரௌட்டர் நிறுவனத்துடன் பேசுவதற்கென்றே தனியாக ஒரு பயனர்பெயரும் கடவுச்சொல்லும் உண்டு. இதனைப் ‘பிபிபிஓஇ’ என்பர். ரீசெட் செய்த மறுகணம் இதுவும் அழிந்து, பெட்டியில் விளக்குகள் எரிந்தபோதும் இணையம் வாராது. சனிக்கிழமை இரவில் இதைச் செய்துவிட்டுத் திங்கட்கிழமை வரை அலுவலகத்தைத் தொலைபேசியில் தேடும் குடும்பங்கள் பல. ஆதலின் ரீசெட்டுக்கு முன்னரே அவ்விரண்டையும் நிறுவனத்திடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளல் வேண்டும். கண்ணாடி இழைக் கம்பி நேரே வந்து சேரும் பெட்டியாயின் இன்னும் கருத்து வேண்டும். சில நிறுவனங்களின் பெட்டிகள் ரீசெட்டுக்குப் பின் தாமாகவே நிறுவனத்திலிருந்து அமைப்புகளைப் பெற்றுக்கொள்ளும். சிலவற்றிற்குப் பணியாளர் நேரில் வரவேண்டும். எவ்வகை என்று முன்கூட்டியே கேட்டறிந்தபின் கை வைப்பது நலம்.

பெட்டியின் பின்புறத்தில் ஒரு சிறு துளை இருக்கும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கைப்பேசியின் சிம் தட்டைத் திறக்கும் ஊசியை அதனுள் செலுத்தி, உள்ளே ஒரு பொத்தான் அழுந்துவதை உணர்ந்து, ஏறத்தாழ பத்து விநாடி அழுத்திப் பிடித்தல் வேண்டும். விளக்குகள் ஒருமுறை அணைந்தெழும். பிறகு இரண்டு மூன்று நிமிடம் அதன் போக்கில் விட்டுவிடவேண்டும். இடையில் மின்சாரத்தை நிறுத்தலாகாது. சில பெட்டிகளில் துளைக்குப் பதிலாக வெளிப்படையான பொத்தானே இருக்கும். சற்றே அழுத்தினால் ஒரு வேலை, நீள அழுத்தினால் ரீசெட் என்று இரண்டையும் அதற்கே கொடுத்திருப்பார்கள். இது நல்ல அமைப்பென்று நாம் கருதவில்லை. குழந்தைகள் உள்ள வீட்டில் அத்தகைய பெட்டியை உயரத்தில் வைப்பதே தகும்.

ரீசெட்டுக்குப் பின் பெட்டி அடிச்சீட்டிலுள்ள பெயருக்கும் கடவுச்சொல்லுக்கும் திரும்பிவிடும். சில பெட்டிகளில் வைஃபை பூட்டே இல்லாமலும் இருக்கும். ஆகவே உள்ளே நுழைந்ததும் செய்யவேண்டிய முதல் வேலை நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுவது. அது வைஃபை கடவுச்சொல்லாகவே இருத்தல் கூடாது. இருந்தால், விருந்தினருக்குத் தெருக்கதவுச் சாவியோடு பீரோச் சாவியையும் கொடுத்ததாகும். வேடிக்கையான குறிகளைவிட நீளமே வலிமை; தொடர்பற்ற நான்கைந்து சொற்களைக் கோத்தால் நினைவிலும் நிற்கும். அதனை ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டோடும் மின்கட்டண ரசீதுகளோடும் வைப்பதில் தவறில்லை. இணையத் திருடன் பீகிங்கிலிருந்தோ பிரேசிலிலிருந்தோ வருபவன்; நம் அலமாரியைத் திறப்பவன் அல்லன்.

அடுத்து, பிபிபிஓஇ விவரங்களை இட்டு இணையம் வருகிறதா என்று காண்க. வைஃபையில் ‘டபிள்யூபிஏ 2’ அல்லது ‘டபிள்யூபிஏ 3’ என்னும் காப்பு முறையைத் தேர்க. ‘டபிள்யூஇபி’ என்னும் பழைய முறை 2001ஆம் ஆண்டிலேயே உடைக்கப்பட்டது. வெளியிலிருந்து நிர்வகிக்க இசைவு தரும் ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ திறந்திருந்தால் மூடிவிடுக. பெட்டியின் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்திருப்பின் ஏற்றுக்கொள்க.

வெளியிலிருந்து யார் வரப்போகிறார் என்று எண்ணுவோருக்கு இரு செய்திகள். 2016ஆம் ஆண்டு ‘மிராய்’ என்னும் தீநிரல், அறுபதுக்குச் சற்று மேற்பட்ட ஆலைக் கடவுச்சொற்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, உலகெங்கும் இலட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் தன்வயப்படுத்தியது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அவற்றைக் கொண்டு நடத்திய தாக்குதலில் அமெரிக்காவின் பெரிய இணையதளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கின. மறு ஆண்டு ஜூலை இறுதியில் அத்தகைய தாக்குதல் நம் நாட்டிற்கே வந்தது. பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர் வீடுகளில், ஆலைக் கடவுச்சொல் மாற்றப்படாத மோடங்களைத் தேடிச் செயலிழக்கச் செய்தது ஒரு தீநிரல். கடவுச்சொல்லை மாற்றுமாறு அந்நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. இந்த இரு நிகழ்ச்சிகளிலும் பூட்டை உடைக்கும் வேலை பெரும்பாலும் எவருக்கும் ஏற்படவில்லை. பிரிட்டன் 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 29 முதல், எளிதில் ஊகிக்கத்தக்க பொது ஆலைக் கடவுச்சொல்லுடன் இத்தகைய கருவிகளை விற்பதையே சட்டத்தால் தடுத்திருக்கிறது. பொறுப்பைச் செய்பவர் தலையில் ஏற்றிய இம்முறை நமக்கு உவப்பானதே.

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் ஓர் இணைப்பை இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து பயன்படுத்துவதைப் பார்க்கிறோம். அக்கம்பக்கத்து இணக்கத்தை நாம் குறை கூறப் போவதில்லை. எனினும் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலுக்கே விசாரணை முதலில் வரும் என்பதை 2008ஆம் ஆண்டு காட்டியது. பல ரௌட்டர்களில் ‘கெஸ்ட்’ என்று விருந்தினருக்கான தனி வைஃபை வசதி உண்டு. அடுத்த அறையாருக்கும் வந்து போவோருக்கும் அதனைக் கொடுத்து, நிர்வாகச் சாவியை ஒருவர் கையில் மட்டும் வைத்துக்கொள்வது சாலச் சிறந்தது. வீடு காலி செய்து போனவரிடம் பழைய கடவுச்சொல் இருக்குமாதலால், அன்றே வைஃபை கடவுச்சொல்லை மாற்றிவிடலாம்.

ரீசெட் செய்வதற்குத் தயங்கவே கூடாத சமயம் ஒன்று உண்டு. பெட்டி பழையதாகி, பழைய சாமான்காரருக்கு எடைக்குப் போடும்போதோ, இணைப்பை நிறுத்தி நிறுவனத்திடம் திருப்பிக் கொடுக்கும்போதோ, நம் வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் பிபிபிஓஇ விவரங்களும் அதனுள்ளேயே தங்கியிருக்கும். மின்சாரம் போனதும் அவை அழிந்துவிடும் என்பது தவறான எண்ணம். ஆதலின் பெட்டியைக் கையளிக்கும் முன், கடைசி முறையாக அதை மின்சாரத்தில் இணைத்து, அந்தச் சிறு துளையில் ஊசியைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து, விளக்குகள் அணைந்தெழுந்ததைக் கண்ட பின்னரே கொடுத்தல் வேண்டும்.