வானிலிருந்து வயலை அளத்தல்

கொழும்பு மாநகரின் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பகுதிகளிற் குடியிருக்கும் தமிழர் பலருக்கு வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வயல்களும் தோட்டக்காணிகளும் உள. போர்க்காலத்தில் உடையவர்கள் இடம்பெயர்ந்தமையால் வரம்புகள் பல கரைந்தன. எல்லைக்கற்கள் புதருள் மறைந்தன. இத்தகைய காணிகளை இக்காலத்தில் ட்ரோன் எனப்படும் ஆளில்லா விமானத்தினாற் படமெடுக்க இயலும். எனினும், படம் கைக்கு வந்ததும் காணி அளந்தாயிற்று எனக் கருதுதல் தவறாகும்.

வானிலிருந்து நிலத்தைப் படமெடுத்தல் இலங்கைக்குப் புதியதன்று. 1956ஆம் ஆண்டிற் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவின் உதவியுடன் நாட்டின் நிலப்பரப்பு விமானத்திலிருந்து படமெடுக்கப்பட்டது. 2010களின் நடுப்பகுதியிற் பத்தரமுல்லையிலுள்ள சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகம் அநுராதபுர மாவட்டத்து நெல்வயல்களின் மேல் ட்ரோனைப் பறக்கவிட்டுப் பயிரின் நிலையை ஆராய்ந்தது.

ட்ரோன் உழவுசால் போல நேர்வரிசையாகச் சென்று திரும்பும். ஒரு படத்திற் கண்ட நிலத்தின் 100க்கு 70 அல்லது 80 பங்கு அடுத்த படத்திலும் விழும். ஒரே வரம்பை இவ்வாறு பல இடங்களிலிருந்து நோக்குவதாற் கணினி அதன் உயரத்தையும் கணிக்கின்றது. 100 மீற்றர் உயரத்தில் எடுத்த படத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர் நிலத்தைக் காட்டும்.

இத்துணை நுண்மையே ஏமாற்றத்துக்கும் இடமாகின்றது. சாதாரண ட்ரோன் தான் நிற்குமிடத்தைச் செயற்கைக்கோள்களைக் கொண்டு அறியும்போது சில மீற்றர் பிழை நேரும். படம் முழுவதும் 3 மீற்றர் ஒருபுறம் நகர்ந்ததெனக் கொள்வோம். காணியின் பரப்பளவு குறையாது; கண்ணுக்கும் குற்றம் தோன்றாது. ஆயின், அதனைப் பழைய நில அளவைப் படத்தின் மீது வைத்துப் பார்க்குமிடத்து, 100 மீற்றர் நீளமான எல்லையில் 300 சதுர மீற்றரை அயற்காணிக்காரர் பிடித்துக்கொண்டது போலத் தோன்றும். அது ஏறக்குறைய 12 பேர்ச். 16 பரப்பு ஓர் ஏக்கர் என்னும் யாழ்ப்பாணக் கணக்கில் ஒரு பரப்புக்கும் மேல். இல்லாத ஆக்கிரமிப்புக்காக நீதிமன்றம் ஏறுவதற்கு இது போதும்.

இதற்குப் பரிகாரம் உண்டு. பறக்கவிடுமுன் வயலின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் சுண்ணாம்பினாலோ வெள்ளைத் துணியினாலோ குறியிட்டு, அவ்விடங்களை நுண்ணிய செயற்கைக்கோட் கருவியினால் அளத்தல் வேண்டும். வேறு சில குறிகளையும் அளந்து, அவற்றைக் கணிப்பிற் சேர்க்காது, முடிந்த படத்தைச் சோதிப்பதற்கென வைத்துக்கொள்ளுதல் நன்று. சோதனைக் குறி இல்லாத படத்தை நம்புவதற்கில்லை.

இனி, பூவரசும் கிளுவையும் தழைத்த வேலியில் ட்ரோன் காண்பது இலையையே, அடிமரத்தையன்று. அன்றியும், பத்து ஆண்டுகளுக்கு முன் எவரேனும் வரம்பை நகர்த்தியிருப்பின், நகர்ந்த வரம்பையே அது பிழையின்றிக் காட்டும். எவருக்குரிய வரம்பு என்பதை உறுதியும் பழைய அளவைப் படமும் கொண்டு ஆராயவேண்டியவர், 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க அளவைச் சட்டத்தின்படி பதிவுபெற்ற நில அளவையாளரே.

எல்லைச் சிக்கல் இல்லாத கமக்காரருக்கு இப்படம் வேறொரு வகையிற் பெரும்பயன் தரும். ஓர் ஏக்கர் வயலில் மேட்டை மூடுவதற்காக நீர்மட்டத்தை 10 சென்ரிமீற்றர் உயர்த்தின் 4 இலட்சம் லீற்றர் நீர் மிகையாகச் செல்லும். மேடு எங்கே, பள்ளம் எங்கே என்பதை உயரப்படம் காட்டுமாதலால் மண்ணை எங்கே வெட்டி எங்கே இடுவதென முன்னரே தீர்மானிக்கலாம். பயிர் நிற்கும்போது எடுத்த படம் பயிரின் நுனியையே அளக்கும்; நீர் நின்றாலும் கணிப்புக் கெடும். ஆதலின் சிறுபோக அறுவடைக்குப் பின், பெரும்போக உழவுக்கு முன், வைக்கோலை அகற்றிய வயலிற் படமெடுப்பதே தக்கது.

ட்ரோனைப் பறக்கவிடுவதற்குச் சிவில் விமான சேவை அதிகாரசபையின் விதிகள் உள. கொழும்பிலிருந்து பணம் அனுப்பும் காணிக்காரர், அனுமதி பெறப்பட்டதா, தரையில் எத்தனை குறிகள் அளக்கப்பட்டன, சோதனைக் குறிகளில் எவ்வளவு பிழை காணப்பட்டது என்னும் மூன்றையும் முதலிலேயே எழுத்திற் கேட்டுப் பெறுதல் வேண்டும்.