82 மீட்டரைத் தாண்டிய ஒரே பெண்

2016 ஆகஸ்ட் 28. ரியோ ஒலிம்பிக் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வார்சாவில் நடந்த கமீலா ஸ்கோலிமோவ்ஸ்கா நினைவுப் போட்டியில், போலந்தின் அனிதா வ்லோடார்சிக் சுழற்றி வீசிய சங்கிலிக் குண்டு 82.98 மீட்டர் தூரம் போய் விழுந்தது. பெண்கள் பிரிவில் அதுதான் உலக சாதனை. 82 மீட்டரை வேறெந்தப் பெண்ணும் இதுவரை எட்டியதில்லை.

பெண்கள் வீசும் குண்டின் எடை 4 கிலோ. 2.135 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் வேகமாகச் சுழன்று, கால் வெளியே போகாமல் அதை வீச வேண்டும். தோள் வலிமை மட்டும் போதாது. கால் வேகமும் உடல் சமநிலையும் கூடிவர வேண்டும்.

கமீலாவின் கையுறை

பெண்கள் சங்கிலிக் குண்டு எறிதல் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது 2000இல், சிட்னியில். அந்த முதல் தங்கத்தை வென்ற போலந்துப் பெண் கமீலாவுக்கு அப்போது வயது 17. 2009 பிப்ரவரியில், போர்ச்சுகல் பயிற்சி முகாமில், நுரையீரலில் ரத்தக்கட்டு அடைத்து 26 வயதில் அவர் இறந்துபோனார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் பெர்லின் உலக சாம்பியன்ஷிப்பில் 77.96 மீட்டர் வீசி, உலக சாதனையுடன் தங்கம் வென்றார் ராவிச் ஊர்க்காரரான அனிதா. சந்தோஷத்தில் துள்ளி ஓடியதில் கணுக்கால் பிசகியது. பிறகு கமீலாவின் கையுறையை அணிந்து போட்டிகளில் இறங்கினார். 2015இல் 81.08 மீட்டர் வீசி, 80 மீட்டரைத் தாண்டிய முதல் பெண் ஆனார். ரியோவில் 82.29 மீட்டர், வெள்ளி வென்ற சீனாவின் ஜாங் வென்ஷியு அதைவிட ஐந்தரை மீட்டர் பின்தங்கியிருந்தார்.

தாமதமாக வந்த தங்கம்

2012 லண்டன் ஒலிம்பிக் மேடையில் அனிதா வெள்ளிதான் வாங்கினார். தங்கம் வாங்கிய ரஷ்யாவின் தாத்தியானா லைசென்கோ ஊக்கமருந்து உட்கொண்டிருந்தது மறுசோதனையில் தெரியவந்தது. 2016 அக்டோபரில் அவரது பதக்கம் பறிக்கப்பட்டது. 2013 மாஸ்கோ உலகப் பட்டமும் இப்படியே அனிதாவுக்குத் தாமதமாக வந்து சேர்ந்தது. ரியோவில் வென்ற பிறகுதான் லண்டன் தங்கம் அவருடையதாயிற்று!

2019இல் முழங்கால் அறுவை சிகிச்சை. ஆனாலும் டோக்கியோவில் 78.48 மீட்டர் வீசி, ஒரே தனிநபர் தடகளப் பிரிவில் தொடர்ந்து மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் பெண் ஆனார். 2022இல் தன் காருக்குள் புகுந்த திருடனைத் தானே மடக்கிப் பிடித்தபோது தொடைத் தசை கிழிந்தது. அந்த ஆண்டுப் போட்டிகள் போயின. மீண்டு வந்து 2024 பாரிஸில் 74.23 மீட்டர் வீசினார். வெண்கலம் 4 சென்டிமீட்டரில் தவறியது.

அனிதாவின் வீட்டுக்கு லண்டன் தங்கம் வந்துவிட்டது. ஆனால், அந்த மேடையில் தன் நாட்டு கீதம் ஒலிக்கக் கேட்கும் நிமிடத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. நேர்மையாக ஆடுகிறவர்களுக்கு அன்றைய வெற்றி அன்றைக்கே கிடைக்க வேண்டும். ஊக்கமருந்துச் சோதனைகளைக் கடுமையாக்கச் சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?