கழுவியும் போகாத அழுக்கு

மழைக்குப் பஞ்சமில்லாத ஊர் கலவான. சிங்கராஜ வனத்திற்குச் செல்வோர் பலரும் கடந்து செல்லும் இப்பகுதியிலே ஆண்டொன்றுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகின்றது. இத்தனை மழையில் நனையும் மோட்டார் வண்டிகள் கண்ணாடி போலத் துலங்க வேண்டுமென்றே எவரும் எண்ணுவர். ஆயினும், சவர்க்கார நீரால் நன்றாகக் கழுவித் துடைத்த வெள்ளைக் காரொன்றின் மேல் உள்ளங்கையை மெல்ல நகர்த்திப் பாருங்கள். கண்ணுக்குத் தூய்மையாகத் தோன்றும் பரப்பு கைக்குச் சுரசுரப்பாகத் தென்படும். கையை மெல்லிய பொலித்தீன் பையொன்றினுள் நுழைத்துக்கொண்டு தடவினால் அது இன்னும் தெளிவாகப் புலப்படும். தோலின் ஈரம் மறைப்பதை வழுக்கும் பொலித்தீன் காட்டிக்கொடுத்து விடுகின்றது.

இச்சுரசுரப்பு யாது? பெரும்பகுதி இரும்பே என்றால் வியப்பாக இருக்கும். வண்டியை நிறுத்தப் பிரேக்கை மிதிக்கும்போது, வார்ப்பிரும்பாலான தட்டு உராய்ந்து நுண்ணிய துகள்கள் பறக்கின்றன. சூடாகவும் கூர்மையாகவும் வரும் அத்துகள்கள் வர்ணப்பூச்சின் மேல் விழுந்து பதிந்து விடுகின்றன. இரத்தினபுரியிலிருந்து கலவானைக்கு வரும் பாதையின் ஏற்ற இறக்கங்களையும் வளைவுகளையும் அறிந்தவர்களுக்கு, இங்கே பிரேக்குக்கு எவ்வளவு வேலை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பின்னர் மழைநீர் தன் வேலையைத் தொடங்குகின்றது. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பெருகுமென்று மாணவர்கள் இரசாயனப் பாடத்திலே படித்திருப்பார்கள். பதிந்த துகளும் அவ்வாறே பெருத்து, தன்னைச் சூழ்ந்த பூச்சை நெருக்குகின்றது. வெள்ளை வண்டிகளிற் காணப்படும் செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் பெரும்பாலும் இவையே. கறுப்பு வண்டியிலும் இவை உண்டு. கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இரும்பைத் தவிர, புதிதாய்ப் போட்ட தெருவின் தார்த்துளிகள், மரங்களிலிருந்து சொட்டும் பிசின், அயலிலே கதவுக் கம்பிகளுக்கு வர்ணம் விசிறியபோது காற்றோடு வந்த திவலைகள் ஆகியவையும் சேர்ந்து கொள்கின்றன.

எங்கள் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி வரும் வான் சாரதி ஒருவர், சென்ற ஆண்டு மிகுந்த கவலையோடு என்னிடம் வந்தார். "உள்ளுக்குத் துரு புடிச்சிருச்சுங்க மாஸ்டர். முழுசா பெயின்ட் அடிக்கணும்னு சொல்றாங்க" என்றார். அந்த வானைக் கொண்டே அவருடைய வீட்டில் அடுப்பு எரிகின்றது. வர்ணம் பூசக் கேட்ட தொகையோ அவருடைய பல மாதச் சம்பாத்தியம். வேலை முடியும்வரை வான் ஓடாது என்பது அதற்கு மேலான நட்டம். வண்டியைப் பார்த்தோம். முன்மூடியிலும் கூரையிலும் இருந்தவை மேலே பதிந்த புள்ளிகள். நகத்தால் வருடினாற் சிறு மேடாகத் தடுக்கின. சுற்றியுள்ள பூச்சு உப்பியிருக்கவில்லை. கீழ்க்கதவு ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் கல் தெறித்துப் பூச்சு உடைந்து, கொப்புளம் போல எழும்பியிருந்தது. அதுவே உள்ளிருந்து வரும் துரு. அதற்கு மட்டுமே வர்ணக்காரர் வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாமல் முழு வண்டிக்கும் வர்ணம் அடித்தோர் எத்தனை பேரோ!

வர்ணத்தைப் பேண வேண்டிய அவசியம் நம் நாட்டிலே சற்று அதிகம். 2020ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அவ்வைந்து ஆண்டுகளும் உள்ள வண்டியையே கட்டிக் காத்தோம். வரிச்சுமையால் இன்றும் பலர் நிலை அதுவே. காரின் பூச்சோ நாம் நினைப்பதிலும் மெல்லியது. இக்கால வண்டிகளில் நிறப்பூச்சின் மேல் நிறமற்ற தெளிபூச்சு ஒன்று உண்டு. சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தாங்குவது அதுவே. அதன் தடிப்பு பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரோன் வரை. ஒரு பத்திரிகைத் தாளினும் குறைவு. தேய்க்கும் பசையையும் சுழலும் இயந்திரத்தையும் கொண்டு மெருகேற்றும்போதெல்லாம் அதிலிருந்து சில மைக்ரோன் குறைகின்றது. இரத்தினபுரி மாவட்டத்து வாசகர்களுக்கு இதனை விளக்குவது எளிது. பட்டை தீட்டுபவர் கல்லைச் சாணையில் வைக்கும் ஒவ்வொரு முறையும் கரட் குறையுமல்லவா? குறைந்தது குறைந்ததே.

ஆகவே, பூச்சைத் தேய்த்துக் குறைக்காமல், அதன் மேல் நீட்டி நிற்பதை மட்டும் எடுக்க ஒரு வழி வேண்டும். அதற்கு உதவுவது 'கிளே பார்' எனப்படும் களிக்கட்டி. களி என்று பெயரேயொழிய, மண்வெட்டியால் வெட்டியெடுக்கும் களிமண் அன்று. பிசைந்தால் வளையும் செயற்கைப் பிசினிலே மிக நுண்ணிய தேய்ப்புத் துகள்களைக் கலந்து செய்தது. ஜப்பானியரான தாதாவோ கோடாத்தே என்பவர் இதற்கு 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே காப்புரிமை பெற்றார். அந்த ஆவணத்தில் இதற்கு இடப்பட்டுள்ள பெயரைத் தமிழிற் சொன்னால், 'வளைந்து கொடுக்கும் சாணைக்கல்' என வரும். விற்பனைப் பெட்டியில் உள்ள பெயரினும் இதுவே உண்மையான பெயர். களி என எண்ணுபவன் கவலையின்றி அழுத்துவான்; சாணைக்கல் என அறிந்தவன் அளவோடு கையாளுவான்.

இதன் தொழிற்பாடு நுட்பமானது. பூச்சின் மேல் வழுக்கும் நீரைத் தெளித்து, அதன்மேற் களியை நகர்த்துகின்றோம். சமமான பரப்பிலே நீர்ப்படலம் களியைத் தாங்கிக்கொள்வதால் தேய்வு மிகக் குறைவு. படலத்தைத் துளைத்துக்கொண்டு நிற்கும் துகள் மட்டும் களியிலே இடறுகின்றது. உடைபட்டோ பிடுங்கப்பட்டோ களியோடு போய்விடுகின்றது. நீர் வற்றிய இடத்தில் இதே களி பூச்சின் மேல் ஒட்டிக் கீறல் விழுத்தும்.

செய்முறைக்கு வருவோம். முதலில் வண்டியை நன்றாகக் கழுவி மணலையும் சேற்றையும் அகற்றுக. தார் இருப்பின், மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சிறிது நேரம் அதன்மேல் ஒற்றிவைத்து, கரைந்ததும் துடைத்து உடனே கழுவி விடலாம். பலாப்பழம் வெட்டுமுன் நம் வீட்டுப் பெண்கள் கத்தியிலே எண்ணெய் தடவுவதும் ஏறக்குறைய இதே தத்துவந்தான். எண்ணெய்ப் பாங்கான பசை தண்ணீருக்கு மசியாது.

இரும்புத் துகளுக்கென்றே ஒரு திரவம் கடைகளிற் கிடைக்கின்றது. விசிறிய சில நிமிடங்களில் அது இரும்போடு சேர்ந்து கத்தரிப்பூ நிறமாக வழியும். மாணவர்களுக்குக் காட்டத் தகுந்த காட்சி அது! பொதுவாக அதிலிருக்கும் தயோகிளைக்கொலேற்று உப்பு, கூந்தலைச் சுருளச் செய்யும் மருந்திலும் சேர்வது. நாற்றம் சகிக்காது, கையுறை அணிவது நன்று. வெயிலில் சுட்ட உலோகத்தின் மேல் விசிறுதலும், உலர விடுதலும் ஆகா.

பின்னர் களியை எடுத்துக் கையிற் பிசைந்து, உள்ளங்கையளவு தட்டையாக்கிக்கொள்க. ஒரு வாளி நீரிற் சிறிதளவு வாகனச் சம்பூவைக் கலந்தால் வழுக்கு நீர் ஆயிற்று. இரண்டடிச் சதுரம் ஒன்றை நனைத்து, வட்டமாகச் சுழற்றாமல் நேர்கோட்டில் முன்னும் பின்னும் மெல்ல நகர்த்துக. முதலிலே கரகரவென்ற ஒலி கேட்கும். துகள்கள் போகப் போக ஒலி அடங்கிக் கை தானாக வழுக்கும். களியின் முகம் அழுக்கானதும் மடித்துப் பிசைந்து புதிய முகத்தை வெளியே கொணர்க. தரையில் விழுந்துவிட்டால், விலையை எண்ணி வருந்தாமல் எறிந்துவிட வேண்டும். மணற்பருக்கை ஒன்று ஏறிய களி, வைரங்கொண்டு கண்ணாடி அறுப்பது போலப் பூச்சை அறுக்கும்.

நம் சாரதி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் இதனைச் செய்தார். அவருடைய இளைய மகன் நீர் தெளித்தான். மதியத்துக்குள் கூரையிலும் முன்மூடியிலும் ஒரு புள்ளி இல்லை. கீழ்க்கதவின் கொப்புளத்தை மட்டும் சுரண்டி வர்ணமிட்டார்கள். அதற்கு ஒருநாள் வேலையே போதுமாயிருந்தது.

களியிட்டபின் பூச்சின் மேலிருந்த பழைய மெழுகும் போயிருக்கும். ஆதலால் அன்றே புதிய மெழுகு தடவி விடுதல் அவசியம். பிரேக்குத் தூசு அதன்மேல் அவ்வளவு எளிதிற் பற்றாது. ஆண்டுக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை களியிட்டாற் போதும். பொலித்தீன் பைச் சோதனையில் வழுக்கும் வண்டிக்கு அதுவும் வேண்டியதில்லை. வௌவாலின் எச்சம் அரித்த வடுவையும் பழைய கீறலையும் களி போக்காது. எச்சத்தை அன்றைக்கன்றே நனைத்துத் துடைப்பதே அதற்கு வழி. வர்ணத்துக்கு உதவாத அளவு பழுப்பேறிய களித்துண்டையும், மணல் ஏறாதிருந்தால், வீசிவிட வேண்டாம். சக்கரங்களின் உலோக வளையத்திலேதான் பிரேக்குத் தூசு மிகுதியாகப் படிந்திருக்கும். அங்கே அது இன்னும் ஒருநாள் உழைக்கும்.