ஆடி ஓடும் கேம் மெஷின்: சொன்னதைச் செய்ததா?

டயகம கடைவீதியில் அன்று நல்ல மழை. அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் நின்றிருந்தேன். என்னிடம் ஓதும் மாணவன் ஒருவனின் தாயார் வந்து ஒரு யோசனை கேட்டார்.

"மௌலவி, மகன் ஸ்கூல் விட்டு வந்தா போனும் கையுமா மூலையிலயே இருக்கான். கட்டார்ல இருக்கிற என் தம்பி பாவிச்ச கேம் மெஷின் ஒண்ணு பாத்து வச்சிருக்கானாம். டீவிக்கு முன்னால நின்னு ஆடி ஓடி விளையாடுறதாம், உடம்புக்கும் நல்லதாம். கூரைத் தகரம் மாத்த அனுப்புற காசுல கழிச்சுக்கிறேன்னு சொல்றான். வாங்கவா?"

தாய்மார்களே! பிள்ளையின் உடல்நலமும் வீட்டுக் கூரையும் ஒரே தராசில் ஏறியிருக்கும் கேள்வி இது. எனவே விசாரித்தறிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

2006ஆம் ஆண்டு ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'வீ' என்னும் கருவியை வெளியிட்டது. கைக்கடக்கமான கோலொன்றைப் பிடித்து வீசினால் திரையில் டெனிஸ் மட்டை வீசும். பத்துக் கோடிக்கு மேல் விற்பனையானது. 2010 நவம்பரில் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் 'கினெக்ட்' வந்தது. அதில் கையில் பிடிக்க எதுவுமில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒளிப்புள்ளிகளை அறையில் வீசி, ஆளின் அசைவைக் கமராவால் அறிந்துகொள்ளும். அறுபதே நாளில் 80 இலட்சம் விற்று கின்னஸ் சாதனை படைத்தது. ஆனால் 2017இல் அதன் உற்பத்தியே நிறுத்தப்பட்டது.

ஏன்?

முதலாவது, இடம். ஒருவர் விளையாட கமராவிலிருந்து ஆறடி தள்ளி நிற்க வேண்டும், இருவருக்கு எட்டடி. நமது தோட்டத்து லயக் காம்பராவோ பழைய அளவில் 10 அடிக்கு 12 அடி. கட்டிலும் அலுமாரியும் போக மிச்சம் எவ்வளவு? இரண்டாவது, நாம் கையை அசைத்தபின் திரை சற்றுத் தாமதித்தே அசையும். மூன்றாவது, பிள்ளைகளின் கெட்டித்தனம்! முதல் நாள் எழுந்து நின்று முழுக்கையையும் வீசும் பிள்ளை, மறுநாள் 'வீ' கோலை உட்கார்ந்தபடி மணிக்கட்டால் சுண்டினாலே பந்து பறப்பதைக் கண்டுபிடித்துவிடும்.

உடற்பயிற்சி என்ற வாக்குறுதி என்னவாயிற்று? 2007இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிள்ளைகளை வைத்து அளந்து பார்த்தார்கள். உட்கார்ந்து ஆடும் கேமைவிட இதில் கூடுதல் சக்தி செலவானது. உண்மையான விளையாட்டுக்கு அது ஈடாகவில்லை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர ஆய்வு 2012இல் வெளியானது. ஓடியாடும் கேம் பெற்ற பிள்ளைகள், உட்கார்ந்து ஆடும் கேம் பெற்றவர்களைவிட அதிகமாக உடலை அசைக்கவில்லை என்று அது கண்டது.

அப்படியானால் இந்தக் கண்டுபிடிப்பே வீணா? இல்லை. நம் மலையகத்தவரும் வைத்தியத்துக்குப் போய்வரும் வேலூர் சி.எம்.சி. வைத்தியசாலையும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 'புளூட்டோ' என்ற கருவியைச் செய்திருக்கின்றன. பாரிசவாதத்தால் கை விழுந்தவர் அதன் பிடியைப் பற்றி அசைத்தால் திரையில் எளிய விளையாட்டொன்று நடக்கும். முடியாதபோது கருவியே கைகொடுக்கும். விழுந்த கை தேற, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும். அந்தச் சலிப்பை விளையாட்டு மறக்கடிக்கிறது. எந்த அசைவு, எத்தனை தடவை என்று சொல்ல அருகில் ஒருவர் இருக்கிறார். வரவேற்பறையில் பெரிதாக வாக்களித்துத் தோற்ற வித்தை, வைத்தியசாலையில் சிறிதாக வாக்களித்து வேலை செய்கிறது.

இதையெல்லாம் அந்தத் தாயிடம் சொன்னேன். "முதலில் அறையை அளந்து பாருங்கள். மூன்றாம் மாதமும் மகன் அதைத் தொடுவானா என்று யோசியுங்கள்" என்றேன்.

மறுவாரம் வந்தார். "கட்டிலைத் தள்ளி வச்சும் அஞ்சடிதான் மௌலவி. தகரத்துக்கே காசை அனுப்பச் சொல்லிட்டேன்" என்றார். பிறகு தயங்கி, "மாமிக்கும் ஒரு கை சரியா வராது. ஆஸ்பத்திரியில சொல்லிக் குடுத்த பயிற்சிய ரெண்டு நாள் செஞ்சிட்டு விட்டுட்டாங்க" என்றார்.

"மகனை வாப்பும்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணச் சொல்லுங்கள். நேற்றைவிட இன்று ஒன்று கூடினால் வெற்றி என்று இருவருக்கும் போட்டி வையுங்கள். மழை விட்ட நேரம் அவன் பந்தோடு வெளியே போகட்டும்" என்றேன்.

இப்போது ஓத வரும்போதெல்லாம் அவனே சொல்கிறான்: "நேத்து இருபத்தி மூணு, மௌலவி!"