தார் ரோட்டில் ஒரு அலை!

சர்ஃப் ஸ்கேட்: காலுக்குப் பயிற்சி, சரி... கடலுக்கு?

“அப்பா, எனக்கு சர்ஃப் ஸ்கேட் வேணும்!”

பரீட்சை லீவில் உங்கள் பிள்ளை இப்படிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? “நாலு சக்கரம் வச்ச பலகைதானே, வாங்கிக் கொடுத்துட்டாப் போச்சு” என்பது ஒரு ரகம். “கையைக் காலை உடைச்சுக்கவா? பேசாம உட்காரு” என்பது இன்னொரு ரகம். இரண்டுமே அவசரம்தான். இந்தப் பலகையால் உடம்புக்கு நிஜமாகவே நன்மை உண்டு. அடிபடும் ஆபத்தும் உண்டு. இவை இரண்டையும் விட முக்கியமான மூன்றாவது விஷயம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் பல வீடுகளில் யோசிப்பதே இல்லை. முதலில், இது என்ன சமாசாரம் என்று பார்த்துவிடலாம்.

சாதாரண ஸ்கேட்போர்டு இல்லையா இது?

பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் பலகைக்கு அடியில். சக்கரங்களைத் தாங்கும் உலோக அச்சுக்கு ‘டிரக்’ என்று பெயர். சாதாரண ஸ்கேட்போர்டில் முன், பின் இரண்டு டிரக்கும் கொஞ்சம்தான் சாயும். சர்ஃப் ஸ்கேட்டில் முன்பக்க டிரக் மட்டும் தனி ரகம். ஸ்பிரிங்கோ பேரிங்கோ வைத்து, இடமும் வலமும் தாராளமாகத் திரும்பும்படி செய்திருப்பார்கள். பின்பக்கம் அதிகம் அசையாமல் ஊன்றி நிற்கும். இதனால் பலகையின் வால் ஒரே இடத்தில் இருக்க, மூக்கு மட்டும் வளைந்து வளைந்து போகும். கடலில் அலைப்பலகை திரும்புவதும் ஏறக்குறைய இப்படித்தான்.

இன்னொரு வேடிக்கை. சாதாரண ஸ்கேட்போர்டை ஒரு காலால் தரையை உதைத்து உதைத்து ஓட்ட வேண்டும். இதில் முதலில் ஒரு தள்ளு போதும். அப்புறம் முழங்காலை மடக்கி, நிமிர்ந்து, தோளையும் இடுப்பையும் மாற்றி மாற்றித் திருப்பினாலே வண்டி தானாக வேகம் எடுக்கும். ஊஞ்சலில் நின்றுகொண்டு உந்தி ஆடுவோமே, கிட்டத்தட்ட அந்தக் கணக்குதான்.

கடல் தூங்கினபோது பிறந்த விளையாட்டு

ஸ்கேட்போர்டே கடல் கொடுத்த குழந்தைதான். 1950களில் அமெரிக்காவின் கலிபோர்னியா கடற்கரையில் அலைச்சறுக்கு விளையாடிய இளைஞர்கள், அலை இல்லாத நாளில் பொழுது போக்கப் பலகையில் சக்கரம் மாட்டி ஓட்ட ஆரம்பித்தார்கள். ஆரம்பத்தில் இரும்பு, களிமண் சக்கரங்கள். சின்னக் கல் தடுக்கினாலும் ஆள் குப்புற விழுவார். 1970களின் தொடக்கத்தில் யூரித்தேன் என்கிற ரப்பர் போன்ற பொருளில் சக்கரம் வந்தபிறகுதான் ரோட்டைப் பிடித்து ஓடியது.

1990களின் நடுவில் அதே கலிபோர்னியாவில் நீல் கார்வர், கிரெக் ஃபால்க் என்ற இரண்டு நண்பர்கள், அலையில் திரும்புகிற மாதிரியே ரோட்டிலும் திரும்ப வேண்டும் என்று முயன்று இந்த விசேஷ டிரக்கை உருவாக்கினார்கள். ‘கார்வர்’ நிறுவனம் இப்படிப் பிறந்தது. பின்னர் ஆஸ்திரேலியா, ஸ்பெயின் நாட்டு நிறுவனங்களும் தங்கள் பாணியில் செய்தன. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அலைச்சறுக்கு, ஸ்கேட்போர்டு இரண்டும் முதன்முறையாக இடம்பெற்றன.

நம்ம ஊரும் சளைத்ததல்ல. சென்னையை அடுத்த கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் 2012-ல் அலைச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கி, மீனவப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தார். மாமல்லபுரத்து மீனவக் குடும்பத்துப் பெண் கமலி, சின்ன வயதிலேயே ஸ்கேட்போர்டு, அலைச்சறுக்கு இரண்டிலும் இறங்கினார். அவரைப் பற்றிய ‘கமலி’ என்ற குறும்படம் 2020-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்கான இறுதிப் பட்டியல் வரை போனது. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தபோது, இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். செல்போனில் இதையெல்லாம் பார்க்கிற பிள்ளை பலகை கேட்பதில் ஆச்சரியம் என்ன?

உடம்புக்கு என்ன லாபம்?

நாம் விழாமல் நிற்க மூன்று பேர் சேர்ந்து வேலை செய்கிறார்கள். ஒன்று, கண். இரண்டு, உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு. மூன்றாவது, தசைகளிலும் மூட்டுகளிலும் இருக்கும் உணர்வு நரம்புகள். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் உங்கள் கால் மடங்கியிருக்கிறதா, நீட்டியிருக்கிறதா என்று தெரிகிறதல்லவா? அது இந்த நரம்புகள் தரும் தகவல். மூன்று பேரும் அனுப்பும் சேதியைச் சிறுமூளை ஒன்று சேர்த்து, தசைகளின் அசைவைச் சரிசெய்துகொண்டே இருக்கிறது.

ஆடும் பலகையில் நிற்கும்போது இந்த ஏற்பாட்டுக்கு ஓயாத வேலை. கணுக்காலைச் சுற்றியுள்ள சின்னத் தசைகள், தொடை, புட்டம், வயிறு, முதுகு என்று எல்லாமே இயங்கும். விடாமல் ஓட்டினால் மூச்சு வாங்கும், இதயத்துக்கும் பயிற்சி. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் சராசரியாகத் தினம் 60 நிமிடமாவது ஓடியாடி விளையாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டியூஷனும் டி.வி.யுமாக இருக்கிற பிள்ளை, பலகையில் ஏறியாவது வியர்வை சிந்தினால் நல்லதுதானே!

அலைச்சறுக்குக்கு இதில் என்ன கிடைக்கும்? முழங்காலை மடக்கி உடம்பைத் தாழ்த்துவது, எழும்போது வேகம் கூட்டுவது, முதலில் கண், பிறகு தோள், அதன் பின்னால் இடுப்பு என்று வரிசையாகத் திருப்புவது. கடலில் ஒரு அலை மேல் நிற்கக் கிடைப்பதே சில விநாடிகள். ரோட்டிலோ அதே திருப்பத்தை அரை மணி நேரத்தில் ஐம்பது தடவை செய்து பார்க்கலாம். வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் இதை விரும்புவது இதனால்தான்.

கிடைக்காதது என்ன?

இதுதான் நாம் ஆரம்பத்தில் சொன்ன மூன்றாவது விஷயம்.

அலைச்சறுக்கு என்றால் எந்நேரமும் பலகை மேல் நிற்பது என்று நினைக்கிறோம். வீரர்களைக் கவனித்து நேரம் குறித்த ஆராய்ச்சிகள் வேறு சொல்கின்றன. கடலில் இருக்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதி, பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் தண்ணீரைத் தள்ளுவதில் போகிறது. பெரும்பங்கு மீதி நேரம் காத்திருப்பதில் போகிறது. அலை மேல் நிற்பது நூற்றுக்கு 4 முதல் 8 பங்குதான்! அந்தச் சின்னப் பங்குக்குத்தான் சர்ஃப் ஸ்கேட் பயிற்சி தருகிறது. கையால் தண்ணீர் தள்ளுவது, படுத்த நிலையிலிருந்து துள்ளி எழுவது, எந்த அலை நல்லது எது மோசம் என்று கணிப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக நீச்சல்... இவை எதையும் தார் ரோடு கற்றுத் தராது.

திருச்செந்தூரிலிருந்து உவரி போகிற கடற்கரைச் சாலையில், மணப்பாட்டைத் தாண்டினால் பெரியதாழை வரும். கடல் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டித் தூண்டில் வளைவு கட்டிய மீனவர் ஊர். மணப்பாட்டு அலையைத் தேடி அலைச்சறுக்குக்காரர்கள் வருவதுண்டு. இந்தக் கரையோர ஊர்களில் வளர்கிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள். கட்டுமரமோ வள்ளமோ, கரையில் உடையும் அலையைத் தாண்டிப் போக, எந்த அலையை விட்டுவிட வேண்டும், எதற்கு நடுவில் புக வேண்டும் என்று பெரியவர்கள் செய்வதைப் பார்த்தே பழகியிருக்கும். கச்சான் காற்று வீசினால் கடல் எப்படி மாறும் என்று யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. அதன் காலுக்கு ஆடுகிற தரை புதிதல்ல. அந்தப் பிள்ளைக்குச் சர்ஃப் ஸ்கேட் கொடுத்தால் அது கூடுதல் பயிற்சி.

நகரத்துப் பிள்ளையின் கதை நேர் எதிர். ரோட்டில் அழகாக வளைந்து திரும்பும். “எனக்குத்தான் சர்ஃபிங் தெரியுமே” என்று ஒரு தைரியம் வந்துவிடும். டூர் போன இடத்தில் கடலைப் பார்த்ததும் இறங்கிவிடும். பலகை தந்தது திறமை மட்டுமல்ல, பொய்யான தைரியமும்கூட. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கரைக்கு வந்த தண்ணீர் ஒரு குறுகலான வாய்க்கால் மாதிரி வேகமாகத் திரும்பி ஓடும் இடங்கள் உண்டு. பார்த்தால் அந்த இடத்தில்தான் அலை அடங்கி, அமைதியாக இருப்பதுபோல் தோன்றும்! கல் வளைவுகளை ஒட்டியும் இப்படி இழுப்பு இருக்கலாம். வானம் தெளிவாக இருக்கும்போதே, எங்கோ தொலைவில் கிளம்பிய பேரலை திடீரென்று கரை ஏறுவதும் உண்டு. ‘கள்ளக்கடல்’ என்பது அதைத்தான். 2024 மே 6-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் உயிரிழந்தார்களே, அப்போது இந்தக் கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்தது. படித்த பிள்ளைகள்தான்... கடலுக்கு அது தெரியாது.

அடிபட்டால்...

தண்ணீரில் விழுந்தால் நனைவோம். தார் ரோட்டில் விழுந்தால் தோல் உரியும், எலும்பு முறியும். விழும்போது எல்லோரும் அனிச்சையாகக் கையை நீட்டி ஊன்றுவோம். அதனால் மணிக்கட்டு முறிவு இதில் சகஜம். தலையில் அடிபட்டால் அதுதான் உயிருக்கு உலை.

“சுளுக்குத்தான்” என்று எண்ணெய் தடவி நீவிவிடும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. தயவுசெய்து வேண்டாம்! வளரும் பிள்ளைகளின் எலும்பு முனையில் வளர்ச்சிப் பகுதி என்று ஒன்று உண்டு. அங்கே அடிபட்டதைக் கவனிக்காமல் விட்டால் எலும்பின் வளர்ச்சியே பாதிக்கப்படலாம். விரல் அசைகிறது என்பதற்காக எலும்பு முறியவில்லை என்று அர்த்தமில்லை. வீக்கமும் வலியும் இருந்தால், கையை அசைக்காமல் ஒரு அட்டையோடு சேர்த்துக் கட்டி, எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போங்கள்.

தலையில் அடிபட்ட பிறகு மயக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம், பேச்சில் குழப்பம், வலிப்பு, மூக்கிலோ காதிலோ ரத்தம் அல்லது தண்ணீர் போல் கசிவு... இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். “கொஞ்சம் தூங்கி எழுந்தா சரியாயிடும்” என்று காத்திருக்காதீர்கள்.

வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால்...

* 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஸ்கேட்போர்டே கூடாது. 10 வயது வரை பெரியவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. சர்ஃப் ஸ்கேட் அதைவிட அதிகம் ஆடக்கூடியது. ஆகவே இன்னும் கூடுதல் கவனம் தேவை.
* பலகையோடு சேர்த்தே ஹெல்மெட், மணிக்கட்டுக் காப்பு, முழங்கை, முழங்கால் பேடு வாங்குங்கள். “அப்புறம் பார்த்துக்கலாம்” என்பது கூடாது. மணிக்கட்டுக் காப்பு மிக முக்கியம்.
* முதல் சில நாட்கள் புல்தரையில் பலகையை வைத்து, ஏறி நின்று, முழங்காலை மடக்கி எழப் பழகட்டும். எந்தக் கால் முன்னால் வந்தால் வசதியோ, அதுவே அந்தப் பிள்ளைக்குச் சரி.
* பிறகு வண்டி வராத, சமதளமான சிமென்ட் தரை. சரிவு வேண்டாம். மெயின் ரோடு வேண்டவே வேண்டாம்.
* கடற்கரை ஊர்களில் ரோட்டில் மணல் படிந்திருக்கும். மணலில் சக்கரம் சட்டென்று நின்றுவிடும். ஆள் முன்னால் பறப்பார். ஓட்டுவதற்கு முன் பெருக்கிவிடுங்கள். உப்புக்காற்றில் பேரிங் துருப்பிடிக்கும். அடிக்கடி துடைத்து எண்ணெய் விட வேண்டும்.
* ஆரம்பத்தில் வாரம் மூன்று நாள், 15 முதல் 20 நிமிடம் போதும். களைத்த காலில்தான் விழுவது அதிகம்.

உங்கள் சந்தேகங்கள்

*எனக்கு 45 வயது. நான் ஓட்டலாமா?*
தாராளமாக. ஆனால் முழங்கால் வலி, தலைசுற்றல், எலும்புத் தேய்மானம் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு ஏறுங்கள். பலகை வேண்டாம் என்றால், சுவர் ஓரமாக ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள். சமநிலைக்கு அதுவும் நல்ல பயிற்சி.

*பெண் பிள்ளைக்கு இது சரிப்படுமா?*
ஏன் சரிப்படாது? கமலி போன்றவர்கள் காட்டிவிட்டார்களே! விழுந்தால் வலிப்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். காப்புகளும் அதே காப்புகள்தான்.

*ரோட்டில் நன்றாக ஓட்டுகிறான். கடலில் இறக்கலாமா?*
முதலில் நீச்சல். ஆழமான தண்ணீரில் பதறாமல் மிதக்கவும், நிறுத்தாமல் நீந்தவும் தெரிய வேண்டும். இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கி முட்டி மோதாமல், மிதந்தபடி கையைத் தூக்கி உதவி கேட்கவும், கரைக்குப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வரவும் தெரிய வேண்டும். அதன் பிறகு, தேர்ந்த பயிற்சியாளரோடு மட்டும். அந்த ஊர் மீனவர் “இன்னைக்கு வேண்டாம்” என்றால், வேண்டாம்தான்.

பலகைக்கு எடுத்து வைக்கும் பணத்தில் ஒரு பகுதியை நீச்சல் வகுப்புக்கும் ஒதுக்குங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் வசதி இருக்கிறதென்றால், யோசிக்கவே வேண்டாம்... நீச்சல்தான்!