'நெட்' பாஸ் பண்ணினால் பணம் வருமா? பிஎச்.டி. சேரும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது

திருச்சி,

எம்.ஏ., எம்.எஸ்சி. முடித்த பிள்ளை பிஎச்.டி. சேரப்போகிறேன் என்றதும் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, 'மாசம் எவ்வளவு தருவாங்க?' என்பதுதான். நியாயமான கேள்வி. பிஎச்.டி. முடிக்க குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 6 ஆண்டு ஆகும்.

திருச்சி-புதுக்கோட்டை சாலையில் பல்கலைப்பேரூரில் இருக்கும் பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்கு அரியலூர், பெரம்பலூர், கரூர், நாகை பக்கத்து பிள்ளைகளும் ஆராய்ச்சிக்கு வருகிறார்கள். இங்கே பணம் கிடைக்கும் வழிகள் ரெண்டு. ரெண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாறுபவர்கள் பலர்.

முதல் வழி 'நெட்' தேர்வு. 2024 ஜூன் முதல் இதன் ரிசல்ட் மூன்று வகையாக வருகிறது. ஜே.ஆர்.எப். கிடைத்தவருக்கு மட்டுமே உதவித்தொகை. அடுத்த வகை உதவி பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி. சேர்க்கையும். மூன்றாவது பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும். இந்த ரெண்டிலும் சல்லிக்காசு வராது. பாஸ் ஆகிவிட்டோம் என்று ஊரெல்லாம் இனிப்பு கொடுக்கும் முன் எந்த வகை என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஜே.ஆர்.எப். தொகை 2023 ஜனவரி முதல் உயர்த்தப்பட்டது. முதல் 2 ஆண்டு மாதம் 37 ஆயிரம் ரூபாய், அடுத்த 3 ஆண்டு 42 ஆயிரம். மொத்தம் 24 லட்சம். வீட்டு வாடகைப்படி தனி. ஆனால் 42 ஆயிரம் தானாக வந்துவிடாது, குழு முன்பு ஆய்வை காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். மாதாமாதம் பல்கலைக்கழகம் ஆன்லைனில் உறுதி செய்தால்தான் பணம் ஏறும். ஆபீசில் பைல் தூங்கினால் மாணவர் பாடு திண்டாட்டம்தான்.

புராஜெக்ட் வேலை

ரெண்டாவது வழி புராஜெக்ட். டி.எஸ்.டி., ஐ.சி.எம்.ஆர். போன்ற அமைப்புகளிடம் ஒரு பேராசிரியர் நிதி வாங்குவார். அதில் வேலை செய்ய ஆள் எடுப்பார். இதற்கும் சில இடங்களில் ஜே.ஆர்.எப். என்றே பெயர். குழப்பமே இங்கேதான். இது தற்காலிக வேலை, புராஜெக்ட் முடிந்தால் சம்பளமும் நின்றுவிடும். 3 ஆண்டு புராஜெக்ட்டில் ஓராண்டு கழித்து சேர்ந்தவருக்கு மிச்சம் 2 ஆண்டுதான். தீசிஸ் எழுதும் நேரத்தில் கை காலியாகிவிடும்.

புராஜெக்ட்டில் சேர்ந்தாலே பிஎச்.டி. பதிவு ஆகிவிட்டது என்றும் அர்த்தம் இல்லை. அதற்கு தனியாக விண்ணப்பிக்கணும். கைடிடம் இடம் இருக்கணும். யு.ஜி.சி. 2022 விதிப்படி பேராசிரியர் 8 பேர், இணை பேராசிரியர் 6 பேர், உதவி பேராசிரியர் 4 பேர் வரை மட்டுமே ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

எனவே நேர்முகத்துக்கு போகும்போதே ரெண்டு விஷயத்தை கூச்சப்படாமல் கேட்டுவிட வேண்டும். புராஜெக்ட் எந்த மாதம் முடிகிறது? பிஎச்.டி. பதிவுக்கு உங்களிடம் இடம் காலி உண்டா? ஆட்கள் தேவை அறிவிப்பு பல்கலைக்கழக இணையதளத்தில் வரும். பல நேரம் ரெண்டு, மூணு வாரம்தான் அவகாசம் இருக்கும்.

மாநில அரசு வழியும் இருக்கிறது. முதல்வர் ஆராய்ச்சி உதவித்தொகை திட்டத்துக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் 2023 டிசம்பரில் தேர்வு நடத்தியது. தொகை மாதம் 25 ஆயிரம், 3 ஆண்டுக்கு. ஆதிதிராவிடர், பழங்குடியின முழுநேர ஆய்வு மாணவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ஊக்கத்தொகை தனியாக உண்டு. பகுதிநேரமாக பதிவு செய்தவர்களுக்கு இது கிடைக்காது.