பெரிய மார்பகங்களுக்கான மார்க்கச்சு

பெரிய மார்பகங்களுக்கான மார்க்கச்சு என்பது, எடை மிகுந்த மார்பகங்களைத் தோளுக்கும் கழுத்துக்கும் சுமை ஏற்றாமல் தாங்கும்படி அளவும் வெட்டும் அமைந்த உள்ளாடை ஆகும். மார்க்கச்சு இன்று பிரா என்றும், மூத்த தலைமுறையினரிடையே பாடி என்றும் வழங்கப்படுகிறது. பெரிய மார்பகம் உடைய பெண்கள் பலர் தோளில் பதியும் பள்ளம், கழுத்து வலி, மார்பகத்தின் அடியில் ஏற்படும் புண், கம்பி குத்துதல் ஆகியவற்றைத் தம் உடல்வாகின் விளைவு என எண்ணிப் பொறுத்துக்கொள்கின்றனர். இவற்றில் பல தவறான அளவால் வரக்கூடியவை. பட்டை தளர்வாகவும் கப் சிறியதாகவும் இருப்பதே மிகப் பொதுவான தவறு ஆகும்.

மார்பகத்தின் அமைப்பும் எடையும்

மார்பகம் கொழுப்பு, பால் சுரப்பிகள், இணைப்புத்திசு ஆகியவற்றால் ஆனது. அதனுள் தசை இல்லை. நெஞ்சுத் தசையின் மேல் அது அமர்ந்திருக்கிறது. தோலும், கூப்பர் தசைநார்கள் எனப்படும் மெல்லிய இணைப்பு இழைகளுமே அதன் இயற்கையான தாங்கிகள். இந்த இழைகளை 1840இல் வெளிவந்த நூலில் விவரித்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பரின் பெயரால் அவை அழைக்கப்படுகின்றன. பெயரில் 'தசை' இருந்தாலும் அவை தசைகள் அல்ல. எனவே நெஞ்சுத் தசையை வலுவாக்கும் பயிற்சி மார்பகத்தின் எடையை நேரடியாகக் குறைப்பதில்லை.

மார்பகத் திசுவின் அடர்த்தி ஏறத்தாழ நீரின் அடர்த்தியை ஒத்தது. ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள மார்பகம் சுமார் 1 கிலோ எடை இருக்கும். இரு பக்கமும் சேர்த்து 2 கிலோ எடை உடலின் முன்புறம் நாள் முழுவதும் தொங்கும்போது, அது எங்கே தாங்கப்படுகிறது என்பது முக்கியமாகிறது.

எடையைத் தாங்கும் பகுதி

மார்க்கச்சின் முக்கியப் பகுதிகள் உடலைச் சுற்றிவரும் அடிப்பட்டை, இரு கப்புகள், அவற்றை இணைக்கும் நடுத்துண்டு, தோள்பட்டிகள், முதுகுப் பகுதியிலுள்ள கொக்கிகள் ஆகியன. பல மாதிரிகளில் கப்பின் அடியில் வளைந்த கம்பியும் இருக்கும்.

தோள்பட்டிகளே மார்பகத்தைத் தூக்கிப் பிடிக்கின்றன என்பது பரவலான எண்ணம். உண்மையில் எடையின் பெரும்பகுதியை அடிப்பட்டையே தாங்க வேண்டும். விலா எலும்புக் கூட்டைச் சுற்றி இறுக்கமாக அமர்ந்த பட்டை, எடையை உடல் முழுவதும் பரப்புகிறது. தோள்பட்டியின் பணி கப்பின் மேற்பகுதியை உடலோடு ஒட்டவைப்பது மட்டுமே.

பட்டை தளர்ந்திருந்தால் அது முதுகில் மேலேறும், முன்புறம் கீழிறங்கும். அதைச் சரிசெய்யத் தோள்பட்டியை இறுக்குவார்கள். இறுக்க இறுக்கப் பட்டை முதுகில் இன்னும் மேலேறும். முழு எடையும் இரண்டு குறுகிய நாடாக்களின் வழியே தோளில் இறங்கும். தோளில் பள்ளம் விழுவதும், கழுத்திலிருந்து தோள் வரை வலி பரவுவதும் இவ்வாறே தொடங்குகின்றன.

முதுகு வலி உடைய 30 இளம்பெண்களிடம் ஆஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஓர் ஆய்வில், 80 விழுக்காட்டினர் தவறான அளவு அணிந்திருந்தனர். 70 விழுக்காட்டினரின் மார்க்கச்சு சிறியதாகவும், 10 விழுக்காட்டினருடையது பெரியதாகவும் இருந்தது. பெரிய மார்பகம் உடையவர்களிடம் சரியான அளவு அணிவது மேலும் குறைவாகவே காணப்பட்டது. ஆய்வு சிறியது என்பதால் எல்லாப் பெண்களுக்கும் இந்த விழுக்காட்டைப் பொருத்த முடியாது.

அளவு முறையின் வரலாறு

அமெரிக்காவின் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் 1914ஆம் ஆண்டு நவம்பர் 3 அன்று மார்க்கச்சுக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய வடிவம் மெல்லிய துணியால் ஆனது. மார்பகங்களைத் தட்டையாக்கியதே தவிர, எடையைத் தாங்கும் அமைப்பு அதில் இல்லை. 1920களில் நியூயார்க்கில் ஐடா ரோசந்தால், வில்லியம் ரோசந்தால், ஈனிட் பிசெட் ஆகியோர் தொடங்கிய மெய்டன்ஃபார்ம் நிறுவனம், ஒவ்வொரு மார்பகத்துக்கும் தனி கப் அமைந்த மார்க்கச்சுகளைப் பரவலாக்கியது.

1932இல் அமெரிக்காவின் கேம்ப் நிறுவனம் மார்பகத்தின் அளவை ஏ முதல் டி வரை நான்கு எழுத்துகளால் குறித்தது. டிக்கு மேற்பட்ட அளவுகளை நிறுவனங்கள் பின்னர் தத்தம் வழியில் சேர்த்துக்கொண்டன. இதனால் பெரிய அளவுகளில் மட்டும் எழுத்துகள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. பிரித்தானிய வரிசை டி, டிடி, இ, எஃப், எஃப்எஃப், ஜி என்று செல்கிறது. அமெரிக்க வரிசையில் டிடிக்குப் பின் டிடிடி வருவதுண்டு. சிறிய அளவு வாங்குபவருக்கு இந்த வேறுபாடு தெரியாமலே போகலாம். பெரிய அளவு வாங்குபவர் எந்த நாட்டு வரிசை என்று பார்த்தே வாங்க வேண்டியுள்ளது.

அளவெடுக்கும் முறை

தையல் நாடா ஒன்று இருந்தால் வீட்டிலேயே அளக்கலாம். இரண்டு அளவுகள் தேவை.

முதலாவது, மார்பகத்துக்குக் கீழே விலாவைச் சுற்றிய அளவு. நாடா தரைக்கு இணையாக, இறுக்கமாக இருக்க வேண்டும். மூச்சை வெளியே விட்டு அளக்க வேண்டும்.

இரண்டாவது, மார்பகத்தின் மிக உயர்ந்த பகுதியைச் சுற்றிய அளவு. இதில் நாடா தளர்வாகத் தொட்டுச் செல்ல வேண்டும். மார்பகம் பெரியதாகவும் மென்மையாகவும் இருந்தால் நிமிர்ந்து நின்று எடுத்த அளவு குறைத்துக் காட்டும். இடுப்பிலிருந்து முன்னே குனிந்து இன்னொரு முறை அளந்து, இரண்டின் சராசரியை எடுப்பது நல்லது.

இரண்டு அளவுகளுக்கும் இடையிலான வித்தியாசமே கப்பைத் தீர்மானிக்கிறது. பிரித்தானிய வரிசையில் 1 அங்குலம் ஏ, 2 பி, 3 சி, 4 டி, 5 டிடி, 6 இ, 7 எஃப், 8 எஃப்எஃப், 9 ஜி ஆகும்.

பழைய முறை ஒன்றில் விலா அளவோடு 4 அல்லது 5 அங்குலம் கூட்டிப் பட்டை எண் கண்டார்கள். பெரிய மார்பகம் உடையவர்களுக்கு இது பெருந்தவறாக முடிகிறது. எடுத்துக்காட்டாக, ஒருவருக்கு விலா அளவு 32 அங்குலம், மார்பளவு 39 அங்குலம் என்று கொள்வோம். கூட்டாமல் கணக்கிட்டால் 32 எஃப் வரும். 4 கூட்டிக் கணக்கிட்டால் பட்டை 36, வித்தியாசம் 3, ஆகவே 36 சி என்று வரும். பட்டை 4 அங்குலம் தளர்ந்துவிடுகிறது. கப்பும் இரண்டு படி சிறுத்துவிடுகிறது. முன் சொன்ன தோள் வலி இங்கிருந்தே தொடங்குகிறது.

ஆயினும் எந்தக் கணக்கும் தொடக்கப்புள்ளியே. ஐரோப்பாவில் 75 என்ற பட்டை 75 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ 29.5 அங்குல விலாவுக்கு உரியது. அதற்கு இணையான பிரித்தானிய எண் 34 என்றே அட்டவணைகள் காட்டுகின்றன. இது கூட்டல் முறையின் எச்சம். துணியின் நீட்சியும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எனவே கணக்கில் வந்த எண்ணை முதலில் அணிந்து பார்த்து, உடலில் அமர்வதைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

இணை அளவுகள்

கப்பின் எழுத்து தனித்து எந்தக் கொள்ளளவையும் குறிப்பதில்லை. பட்டை எண்ணோடு சேர்ந்தே பொருள் தருகிறது. 30 டி, 32 சி, 34 பி, 36 ஏ ஆகிய நான்கிலும் கப்பின் கொள்ளளவு ஏறத்தாழ ஒன்றே. "டி என்றால் மிகப் பெரியது" என்ற எண்ணம் இதனால் தவறாகிறது. மெலிந்த உடலும் சராசரி மார்பகமும் உடைய ஒருவருக்கும் டி பொருந்தலாம்.

பட்டை தளர்ந்து கப் மட்டும் சரியாக இருந்தால், பட்டையை ஒரு படி குறைத்து எழுத்தை ஒரு படி கூட்ட வேண்டும். 36 டி தளர்ந்தால் அடுத்து 34 டிடி பார்க்கலாம். பட்டை இறுகினால் இதன் எதிர்த் திசையில் செல்ல வேண்டும்.

பொருத்தத்தைச் சரிபார்த்தல்

புதிய மார்க்கச்சை மிகத் தளர்ந்த கொக்கி வரிசையில் மாட்டிப் பார்க்க வேண்டும். நாளடைவில் எலாஸ்டிக் தளரும்போது உள் வரிசைகளுக்கு மாறலாம். அணிந்த பின் சற்றுக் குனிந்து, அக்குள் பக்கமுள்ள திசுவைக் கையால் கப்பினுள் கொண்டுவந்த பிறகே பொருத்தத்தைப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் சிறிய கப்பும் போதுமானது போலத் தோன்றும். பின்வருவன கவனிக்கத்தக்கவை:

- பட்டை முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழையலாம். அதற்கு மேல் இழுபடக் கூடாது.
- தோள்பட்டிகளைக் கழற்றிவிட்டாலும் பட்டை நழுவாமல் நிற்க வேண்டும்.
- கப்பின் மேலோ பக்கவாட்டிலோ மார்பகம் பிதுங்கினால் கப் சிறியது. துணி சுருங்கி நின்றால் பெரியது.
- கம்பி மார்பகத் திசுவின் மேல் ஏறாமல், அதைச் சுற்றி விலாவில் படிய வேண்டும். நடுத்துண்டு நெஞ்செலும்பை ஒட்டியிருக்க வேண்டும்.
- கைகளை மேலே தூக்கும்போது பட்டை உயர்ந்து மார்பகம் அடியில் நழுவக் கூடாது.

இரு மார்பகங்களும் சற்றே வேறுபட்டிருப்பது இயல்பு. பெரிய பக்கத்துக்கு ஏற்பக் கப்பைத் தேர்ந்து, மறுபக்கத்தின் தோள்பட்டியைச் சற்று இறுக்கிக்கொள்ளலாம்.

வெட்டும் துணியும்

எடை மிகுந்த மார்பகத்துக்கு மார்பகத்தை முழுவதும் மூடும் கப், அகன்ற தோள்பட்டி, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கொக்கிகள் கொண்ட அகன்ற பட்டை ஆகியவை உதவும். ஒரே அச்சில் வார்த்த பஞ்சு கப்பைவிட, இரண்டு மூன்று துண்டுகளை இணைத்துத் தைத்த கப் பெரும்பாலும் நன்கு தாங்கும். தையல் கோடுகளே துணி நீண்டுவிடாமல் பிடித்து, மார்பகத்தை முன்னோக்கி நிறுத்துகின்றன. ரவிக்கையில் கட்டோரி வெட்டுக்குத் தனித்தனித் துண்டுகளை இணைப்பதும் இதே நோக்கில்தான்.

தனிப் பருத்தி வியர்வையை உறிஞ்சும். ஆனால் விரைவில் நெகிழ்ந்துவிடும். தமிழ்நாட்டின் கடலோர ஊர்களைப் போன்ற புழுக்கமான இடங்களில், கப்பின் உட்புறம் பருத்தியும் பட்டையில் உறுதியான எலாஸ்டிக் வலைத்துணியும் அமைந்தவை ஏற்றவை. மார்பகத்தின் அடியில் தோலோடு தோல் உரசி வியர்வை தேங்கும்போது சிவந்து புண்ணாவதும், பூஞ்சைத் தொற்று சேர்வதும் உண்டு. மார்பகத்தை விலாவிலிருந்து சற்று விலக்கித் தாங்கும் கப் இதைத் தடுக்க உதவும்.

கடைகளில் எதிர்கொள்ளும் சிக்கல்

தமிழ்நாட்டின் பல துணிக்கடைகளில் உள்ளாடையை அணிந்து பார்க்க வசதி இல்லை. பல பெட்டிகளில் பட்டை எண் மட்டுமே பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். வாங்குபவரும் "38 கொடுங்கள்" என்று எண்ணை மட்டும் சொல்லி வாங்குவார். இருப்பில் உள்ள கப்புகள் பி, சி என்ற அளவில் முடிந்துவிடும்போது, கப் போதாதவருக்கு அடுத்த பெரிய பட்டை எண்ணே தரப்படுகிறது. கூச்சத்தால் அளவைப் பற்றிப் பேசாமல் வாங்கி வருவதும் வழக்கம். மகளுக்குத் தாய் தன் கண் அளவிலேயே வாங்கித் தருவதால், பொருந்தாத அளவு அடுத்த தலைமுறைக்கும் செல்கிறது.

இந்நிலையில் வீட்டில் எடுத்த இரண்டு அளவுகளையும் தாளில் எழுதிச் செல்வது உதவும். இணையத்தில் வாங்குவோர், உள்ளாடையைத் திருப்பித் தரும் வசதி உள்ளதா என்று முதலில் பார்த்து, ஒன்று மட்டும் வாங்கிச் சரிபார்த்த பின் மற்றவற்றை வாங்கலாம்.

விளையாட்டும் மாணவியரும்

ஓடும்போது மார்பகம் மேலும் கீழும் மட்டுமின்றிப் பக்கவாட்டிலும் அசைகிறது. வலியாலும், பிறர் பார்வைக்கு அஞ்சியும் பள்ளி விளையாட்டு நேரத்தில் ஒதுங்கி நிற்கும் மாணவியர் உண்டு. ஓட்டத்துக்கென முதல் விளையாட்டு மார்க்கச்சை 1977இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் லிசா லிண்டால், போலி சுமித், ஹிண்டா மில்லர் ஆகியோர் உருவாக்கினர். ஆண் விளையாட்டு வீரர்கள் அணியும் இரண்டு உள்கச்சைகளைச் சேர்த்துத் தைத்ததே அதன் முதல் மாதிரி.

விளையாட்டு மார்க்கச்சில் இரு வகை உண்டு. ஒன்று, இரு மார்பகங்களையும் ஒன்றாக நெஞ்சோடு அழுத்துவது. மற்றது, ஒவ்வொன்றையும் தனிக் கப்பில் தாங்குவது. பெரிய மார்பகத்துக்கு இரண்டாவது வகையோ, இரண்டும் கலந்ததோ பொருந்தும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மார்க்கச்சு அணிவது அசைவைச் சற்றுக் குறைத்தாலும், மூச்சை இறுக்கும். தோள் சுமையையும் கூட்டும்.

கருவுற்ற காலமும் பாலூட்டலும்

மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், கருவுற்ற காலம், பாலூட்டும் காலம், உடல் எடை மாறும் காலம் ஆகியவற்றில் அளவு மாறும். கருவுற்ற காலத்தில் விலாக்கூடும் விரிவதால் பட்டை அளவையும் மீண்டும் பார்க்க வேண்டும். பாலூட்டும் தாய்மார் இறுக்கமான மார்க்கச்சையும் அழுத்தும் கம்பியையும் தவிர்ப்பது நல்லது. ஓரிடத்தில் தொடர்ந்து அழுத்தம் இருந்தால் பால் கட்டிக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது.

பராமரிப்பு

எலாஸ்டிக்கின் ஆயுளே மார்க்கச்சின் ஆயுள். இரண்டு மூன்றை மாற்றி மாற்றி அணிந்தால் எலாஸ்டிக் மீண்டும் சுருங்க நேரம் கிடைக்கும். கையால் துவைப்பது சிறந்தது. முறுக்கிப் பிழியக் கூடாது. சலவை எந்திரத்தில் இடுவதானால் கொக்கிகளை மாட்டி வலைப்பையில் இட வேண்டும். காற்றோட்டமான நிழலில் உலர்த்த வேண்டும். மிக உள் வரிசைக் கொக்கியில் மாட்டியும் பட்டை மேலேறினால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

தவறான நம்பிக்கைகள்

மார்க்கச்சு அணிவதால் மார்பகப் புற்றுநோய் வரும் என்ற செய்தி அவ்வப்போது பரவுகிறது. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் மாதவிடாய் நின்ற 1,500க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வில், கப் அளவு, கம்பி, அணியும் நேரம் ஆகிய எதற்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. உறங்கும்போது மார்க்கச்சு அணிவதும் அணியாததும் அவரவர் வசதியைப் பொறுத்தது.

மருத்துவரை அணுக வேண்டிய நிலை

சரியான அளவு அணிந்த பின்னும் கழுத்து, முதுகு வலி தொடர்ந்தாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ, மார்பகத்தின் அடியில் உள்ள புண் ஆறாவிட்டாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். புதிய கட்டி, தோல் உள்ளிழுத்தல், காம்பில் இரத்தக் கசிவு, ஒரு பக்கம் மட்டும் விரைவாகப் பெருத்தல் ஆகியவை இருந்தால் தாமதிக்கக் கூடாது. மார்பகத்தின் எடையே தீராத வலிக்குக் காரணம் என்று உறுதியானால், மார்பகச் சிறிதாக்க அறுவை செய்துகொள்ளலாம். அதன்பின் தழும்பு இருக்கும். பாலூட்டும் திறனும் காம்பின் உணர்வும் குறையக்கூடும் என்பதால், இவற்றை மருத்துவரிடம் கேட்டறிந்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.